கூரையில் குடியேறியது யார்?

வீட்டுக் கூரையைச் சுற்றித் தேனீ மொய்க்கிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் உடனே "எவ்வளவு பெரிசு, என்ன நிறம்?" என்று விசாரிப்பார்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் பயன்படாது. பயந்த கண்ணுக்குப் பறக்கும் பூச்சி இரண்டு மடங்காகத் தெரியும். வெயிலுக்கு எதிரே அண்ணாந்து பார்த்தால் எல்லாப் பூச்சியும் கறுப்பு. அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று கேட்பதுதான் பயன் தரும். சன்ஷேடின் அடியில் திரளாகத் தொங்குகின்றனவா? சுவர் இடுக்குக்குள் நுழைகின்றனவா? உத்தரத்து மரத்தில் துளை போடுகின்றனவா? தொட்டி வழிந்த ஈரத்தில் உட்கார்ந்து எழுந்து போகின்றனவா? முப்பது அடி தள்ளி நின்று பத்து நிமிடம் இதை மட்டும் கவனித்தால், கிட்டப் போகாமலே ஆளைப் பெரும்பாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.

அடையாளம் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் நம் கூரைகளுக்கு வருகிறவற்றில் ஒன்றைச் சும்மா விட்டாலே ஓரிரு நாளில் போய்விடும். ஒன்றைப் பெட்டிக்கு மாற்றி வளர்க்கலாம். ஒன்றால் கொட்டவே முடியாது. ஒன்றுக்கு மரத்தில் பெயின்ட் அடித்தால் போதும். ஒன்றுக்குத் தீயணைப்பு நிலையத்தைத்தான் கூப்பிட வேண்டும். இவை எல்லாவற்றையும் "வண்டு" என்று ஒரே பெயரில் அழைத்து, ஒரே வைத்தியமாகத் தீப்பந்தத்தையோ பூச்சிமருந்தையோ நீட்டுகிறோம். கொல்லக் கூடாதவை அதில் சாகின்றன; விலகி நிற்க வேண்டியவற்றின் கிட்டே போய் மனிதர்கள் கொட்டு வாங்குகிறார்கள்.

மாடிக் கட்டடத்தின் உயரமான விளிம்பில் கருமையான அரைவட்டத் திரை ஒன்று தொங்கினால் அது மலைத்தேனீ. பாறைத்தேனீ என்றும் சொல்வதுண்டு. காட்டில் இது செங்குத்துப் பாறையின் நீட்டலுக்கு அடியிலும், நெடிய மரங்களின் கிடையான கிளையிலும் கூடு வைக்கும். மழை நேராக விழாத, கரடி எட்ட முடியாத, கீழே வெற்றுவெளி உள்ள இடம் அதற்கு வேண்டும். நாம் கட்டும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அடுக்குமாடியின் சன்ஷேடு, மேம்பாலத்தின் அடிப்பக்கம், பள்ளிக்கூட மாடி வராந்தா எல்லாமே இந்தத் தேவைக்குப் பொருந்திவிடுகின்றன. அதனால்தான் தரைத்தளத்து வீட்டைவிட ஐந்தாம் மாடிக்காரருக்கு இதன் வருகை அதிகம்.

இது கட்டுவது ஒரே ஓர் அடை. திறந்தவெளியில், மூடி ஏதும் இல்லாமல், ஒரு மீட்டருக்கு மேலும் அகலமாக வளரக்கூடிய அடை. கீழிருந்து பார்க்கிறவருக்கு அந்த அடை கண்ணில் படுவதே இல்லை. பல அடுக்காக அதைப் போர்த்திக்கொண்டிருக்கும் தேனீக்களின் உடல்கள்தான் தெரிகின்றன. வெயில், மழை, எதிரி எல்லாவற்றிலிருந்தும் உள்ளே இருக்கும் புழுக்களைக் காப்பது அந்த உடல்களால் ஆன போர்வைதான். ஒரு கூட்டத்தில் பல பத்தாயிரம் தேனீக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 செ.மீ. நீளம். இந்த எண்ணிக்கையும், கூட்டைக் காக்கும் வேகமும் சேர்ந்துதான் மலைத்தேனீயை ஆபத்தானதாக்குகின்றன. கோபம் வந்தால் ஆளைப் பல நூறு மீட்டர் துரத்தும்.

அந்தப் போர்வையின் மேல் அவ்வப்போது ஓர் அலை ஓடும். ஓரிடத்தில் சில தேனீக்கள் வயிற்றைச் சட்டென்று மேலே தூக்கி இறக்கும். பக்கத்தில் இருப்பவை அதையே செய்யும். ஒரு நொடிக்குள் பளபளப்பு கூடு முழுவதும் பரவி அடங்கிவிடும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்து கெரால்டு காஸ்ட்பெர்கரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் இதைப் படம்பிடித்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தேனீயைப் பிடித்துத் தின்னும் கதண்டு நெருங்க நெருங்க அலை வலுக்கிறது; கூட்டின் அருகே வந்த கதண்டு அலையைக் கண்டு விலகிப் பறக்கிறது. ஆகவே அலை ஓடுவதைத் தொலைவிலிருந்து பார்த்தாலே மலைத்தேனீ என்று உறுதி செய்துகொள்ளலாம். அலை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதை ஏதோ தொந்தரவு செய்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து செல்போனில் படம் எடுக்கக் கூடாது.

கூடு கண்ணில் படாவிட்டாலும் ஒரு தடயம் மொட்டை மாடியில் கிடைக்கும். காயப்போட்ட வெள்ளை வேட்டியிலும், கார்க் கண்ணாடியிலும், கைப்பிடிச் சுவரிலும் கடுகளவு, மிளகளவு மஞ்சள் புள்ளிகள் தெளித்திருக்கும். மலைத்தேனீக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பறந்து எழுந்து கழிவை உதிர்ப்பதால் விழும் புள்ளிகள் அவை. இந்த மஞ்சள் புள்ளிகள் ஒரு காலத்தில் உலக அரசியலையே கலக்கின. 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் ஆதரவுப் படைகள் நச்சு ஆயுதம் பயன்படுத்துவதாகக் குற்றம் சாட்டினார். அந்த நச்சு மஞ்சள் மழையாகப் பொழிகிறது என்று அகதிகள் சொன்னார்கள். ஹார்வர்டு உயிரியலாளர் மாத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்தபோது உள்ளே இருந்தது, சத்து உறிஞ்சப்பட்டு வெறும் கூடாகிப்போன மகரந்தம். 1984-இல் தாய்லாந்துக் காட்டில் நின்றபோது அவர்கள் மேலேயே அந்த மழை பெய்தது. மலேசியாவில் பின்னர் நடந்த ஆய்வுகள், வெக்கை ஏறும்போது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் இந்தக் கூட்டுக் கழிவுப் பறப்பு உதவுகிறது என்று காட்டின. வேட்டியில் விழுந்தது விஷமில்லை, துவைத்தால் போகும்.

இன்னொரு தடயம் இரவில் வரும். பெரும்பாலான தேனீ இனங்கள் பொழுது சாய்ந்தால் கூட்டில் அடங்கிவிடும். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறந்து தேன் சேர்க்கும். அதனால் இதன் கூடு பக்கத்தில் இருக்கும் வீடுகளில், பால்கனி விளக்கையும் டியூப்லைட்டையும் தேடி இரவில் தேனீக்கள் வந்து விழுந்து, காலையில் தரையில் செத்துக் கிடக்கும். வீட்டுக்குள் தேனீ கூடு வைத்துவிட்டதோ என்று பதறிச் சுவரை இடிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. வெளிவிளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் வரத்து குறைந்துவிடும்.

சில சமயம் சன்ஷேடிலோ முருங்கைக் கிளையிலோ திடீரென்று ஒரு கொத்து தொங்கும். நேற்று இல்லை, இன்று மதியம் பெரிய இரைச்சலோடு வந்து இறங்கியது. உள்ளே அடை எதுவும் இருக்காது. ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு தொங்கும் தேனீக்கள் மட்டுமே. பார்க்கிறவரை அதிகமாகப் பயமுறுத்துவது இந்தக் காட்சி. ஆனால் தேனீக்கள் மிகச் சாதுவாக இருப்பதும் இந்த நேரத்தில்தான். காக்க வேண்டிய புழுவும் தேனும் அப்போது அவற்றிடம் இல்லை. கிளம்புமுன் வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டு வந்திருக்கின்றன. தாய்க் கூட்டிலிருந்து பழைய ராணியோடு பிரிந்து வந்து, புது இடம் தேடும் வழியில் இளைப்பாறும் கூட்டம் அது.

இளைப்பாறும் அந்தக் கொத்தின் மேல் என்ன நடக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் மார்ட்டின் லிண்டாவர். தேனீயின் நடனமொழியைக் கண்டறிந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர். 1949 வசந்தத்தில் மியூனிக் நகரில், புதரில் தொங்கிய ஒரு கொத்தின் மேல் சில தேனீக்கள் நடனமாடுவதைப் பார்த்தார். பூவிலிருந்து வந்தவை என்றால் உடம்பில் மகரந்தம் ஒட்டியிருக்கும். இவற்றின் உடம்பிலோ புகைக்கரி, செங்கல் தூள், மாவு! இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான நகரம் அது. புகைபோக்கிகளுக்குள்ளும் உடைந்த சுவர் இடுக்குகளுக்குள்ளும் புகுந்து, வீடு பார்த்துவிட்டு வந்த தூதர் தேனீக்கள் அவை. பார்த்த வீட்டின் திசையையும் தூரத்தையும் நடனத்தால் சொல்லின. வேறு வேறு இடங்களுக்காக ஆடியவை நேரம் போகப் போகக் குறைந்து, கடைசியில் எல்லாம் ஒரே இடத்துக்காக ஆடியதும் கூட்டம் எழுந்து அங்கே பறந்தது.

இந்த ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தவர், மஞ்சள் மழையில் பார்த்த அதே தாமஸ் சீலி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள, மரங்களே அதிகம் இல்லாத ஆப்பிள்டோர் தீவுக்குத் தேனீக்களைக் கொண்டுபோய், பல அளவுப் பெட்டிகளை வைத்து எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பார்த்தார். ஐரோப்பியத் தேனீக்குச் சுமார் 40 லிட்டர் கொள்ளளவும், சிறிய வாசலும், தரையிலிருந்து நல்ல உயரமும் பிடித்திருந்தன. பறக்கும் முன் கொத்தில் உள்ள தேனீக்கள் எல்லாம் பறக்கும் தசைகளை அதிரவைத்து உடலைச் சுமார் 35 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக்கொள்வதையும் பதிவு செய்தார். நம் வீட்டு முருங்கையில் தொங்கும் கொத்திலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது எழுந்து போய்விடும். புகை போடாமல், கல் எறியாமல், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருந்தால் போதும்.

போகிற இடம் உங்கள் வீட்டுச் சுவராக இருக்கக் கூடாது என்றால், தூதர்களைக் கவனிக்க வேண்டும். நாலைந்து தேனீக்கள் ஏதோ ஓர் ஓட்டையின் வாயைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், உள்ளே போகும், வெளியே வந்து விளிம்பில் நடக்கும், மறுபடி உள்ளே போகும். காலில் மகரந்தம் இருக்காது. வீடு பார்க்க வந்தவை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சாயங்காலம் அவை திரும்பிப் போனபின் அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்தோ கம்பி வலை வைத்தோ அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. மறுநாள் கூட்டமே குடியேறிவிட்டால் அதே ஓட்டை பெரிய வேலையாகிவிடும்.

அப்படி ஓட்டைக்குள் குடியேறுவது பெரும்பாலும் அடுக்குத்தேனீ. இந்தியத் தேனீ, பொந்துத்தேனீ என்றும் இதைத்தான் சொல்கிறோம். மலைத்தேனீயில் பாதிதான் இருக்கும். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள். மரப்பொந்து, கரையான் புற்று, பாறை இடுக்கு ஆகியவை இதன் இயற்கையான வீடு. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே உள்ள வெளி, பயன்படாத வென்டிலேட்டர் பெட்டி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள இருட்டு, பழைய மின்மீட்டர் பெட்டி எல்லாம் அதற்குப் பொந்துதான். உள்ளே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இணையாகப் பல அடைகள் தொங்கும். வெளியே தெரிவது ஒரு சிறு வாசலும், அதில் போக்குவரத்தும் மட்டும்.

வாசலில் பார்க்க வேண்டியது காலைத்தான். திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்காலில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மகரந்த உருண்டை இருந்தால், உள்ளே புழுக்கள் வளர்கின்றன, கூட்டம் நிலைகொண்டுவிட்டது. மகரந்தம் புழுவுக்கான சாப்பாடு. பிற்பகலில் சில நிமிடங்கள் மட்டும் நிறையத் தேனீக்கள் வெளியே வந்து, வாசலைப் பார்த்தபடி காற்றில் மிதந்து ஆடுவதைப் பார்த்துவிட்டுப் படையெடுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவை முதன்முறையாக வெளியே வந்த இளம் தேனீக்கள். திரும்பி வரும்போது வழி தவறாதபடி வீட்டின் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்கின்றன. சுவரில் யாராவது தட்டினால் உள்ளே இருந்து "ஸ்ஸ்" என்று ஒரே மூச்சில் ஒரு சீறல் கேட்டு அடங்கும். அடுக்குத்தேனீயின் தனிப்பழக்கம் அது. இதற்காகத் தட்டிப் பார்க்க வேண்டாம். தற்செயலாகக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தை மருந்தடித்துக் கொல்வது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. 1991, 92-இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, கன்னியாகுமரி, மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளை வரிசையாகக் காலியாக்கியது. தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தவித்தன. அந்த அழிவில் தப்பிப் பிழைத்த கூட்டங்களின் வாரிசுகள்தான் இன்றைய பெட்டிகளிலும் பொந்துகளிலும் இருக்கின்றன. யாரும் வளர்க்காமல், மருந்து கொடுக்காமல், ஒரு வென்டிலேட்டரில் தானாகவே வாழ்ந்துகொண்டிருக்கும் கூட்டம் அந்த மண்ணுக்குப் பழகிய வலுவான கூட்டம். தென்னைக்கும் முருங்கைக்கும் பூசணிக்கும் காய் பிடிக்கவைப்பதும் அதுதான்.

தேனீ வளர்ப்பவர் ஒருவர் கிடைத்தால் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றிவிடுவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் பணியாற்றிய சேசு சபைப் பாதிரியார் நியூட்டன், அடுக்குத்தேனீக்கு ஏற்றபடி ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் இன்றும் புழக்கத்தில் இருப்பது அந்த நியூட்டன் பெட்டி. மாலை நேரத்தில் லேசாகப் புகை காட்டி, புழு இருக்கும் அடைகளைக் கவனமாக அறுத்து, பெட்டியின் சட்டங்களில் வாழைநாரால் கட்டி, ராணியைத் தேடிப் பிடித்து உள்ளே விட்டுவிட்டால் மற்றவை தாமாகவே பின்தொடரும். ஓரிரு நாளில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு நாரைக் கடித்துப் போட்டுவிடும். வாசலை மட்டும் சிமெண்டால் அடைத்து உள்ளே கூட்டத்தை உயிரோடு புதைப்பது மிக மோசமான வழி. அவை வேறு இடுக்கைத் தேடி அறைக்குள் வரும். செத்துப்போனால், விசிறிக் குளிரவைக்க ஆளில்லாத அடை வெயிலில் இளகி, தேன் சுவர் வழியாகக் கசியும். எறும்பும் மெழுகுப்பூச்சியும் வந்து சேரும்.

பால்கனிச் செடியிலோ, கேபிள் வயரிலோ, உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை ஒன்று தொங்கி, சிவந்த முன்வயிறும் வெள்ளை வரிகளும் கொண்ட சிறு தேனீக்கள் அதைப் போர்த்தியிருந்தால் அது கொம்புத்தேனீ. கொம்பை அல்லது கம்பியைச் சுற்றி அடையின் இருபக்கமும் பிசின் தடவி எறும்புக்குத் தடை போட்டிருக்கும். நாமாகப் போய்க் கை வைக்காவிட்டால் கொட்டாது.

சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ, மெழுகும் பிசினும் சேர்ந்த பழுப்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்து, கொசுவைப் போன்ற கருநிறப் பூச்சிகள் அதன் வாயில் காவல் நின்றால், அது கொசுத்தேனீ. நீளம் 4 மி.மீ.கூட இருக்காது. இதன் கொடுக்கு தேய்ந்து மறைந்துபோனது, கொட்டவே முடியாது. மிகவும் சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து பிசினை ஒட்டும், நறுக்கென்று கடிக்கும், அவ்வளவுதான். மெழுகுப் பிசினால் செய்த சிறு குடுவைகளில் இது சேர்க்கும் புளிப்புத் தேன் ஆண்டுக்குச் சில நூறு மில்லிதான் கிடைக்கும்; கேரளத்திலும் குமரியிலும் அதை மருந்தாகவே மதிப்பார்கள். உங்கள் வீட்டில் இது இருந்தால் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள்.

ஓட்டுக் கூரையின் கைமரத்திலோ, மூங்கில் பந்தலிலோ சுண்டுவிரல் நுழையும் அளவு, கருவி வைத்துக் கடைந்ததைப் போல வட்டமான துளை, கீழே மரத்தூள், பக்கத்தில் கருநீலச் சிறகோடு ஹெலிகாப்டர் போலக் கடகடத்து மிதக்கும் பெரிய பூச்சி. இது தச்சுத்தேனீ. பார்க்கப் பயங்கரம், குணத்தில் சாது. முகத்துக்கு நேரே வந்து முறைத்துப் பறப்பது பெரும்பாலும் ஆண். தேனீக்களில் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் தேனீயும், கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். இதற்குப் பெருங்கூட்டம் இல்லை. ஒரு தாய் மரத்தைக் குடைந்து, மகரந்தத்தைத் தேனில் பிசைந்து உருட்டி வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டி, அடுத்த அறைக்குப் போகும். அந்த முட்டை பூச்சியுலகின் மிகப் பெரிய முட்டைகளில் ஒன்று.

கத்தரிப்பூவின் மகரந்தம் நுண்துளை வழியாகத்தான் வெளியே வரும்; பூவைப் பிடித்துக்கொண்டு அதிர்வு கொடுத்தால்தான் உதிரும். மலைத்தேனீக்கும் அடுக்குத்தேனீக்கும் அந்த வித்தை தெரியாது. தச்சுத்தேனீக்கும், மண்சுவரில் துளை வைக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். தச்சுத்தேனீ இனங்களில் ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயரே இருக்கிறது. அங்கே டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளை ஆராய்ந்த ஃபாப்ரிசியஸ், 1804-இல் அந்த ஊரின் ஐரோப்பியப் பெயரான டிராங்கிபார் என்பதைச் சேர்த்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நிலவில்லாத இருட்டிலும் பறந்து பூவைக் கண்டுபிடிக்கும் தேனீ அது என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹேமா சோமநாதனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் காட்டினார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஓட்டுக் கூரையில் ரீங்காரம் கேட்டால் அதுவாகவும் இருக்கலாம். மரம் கெடும் என்ற கவலை நியாயமானது. பெயின்டோ வார்னிஷோ அடித்த மரத்தை இவை பெரும்பாலும் தொடுவதில்லை. மொட்டை மாடியில் ஒரு கட்டு காய்ந்த மூங்கிலைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கே போய்விடும்.

இனி தேனீ அல்லாதவை. இடை நூலாகச் சிறுத்து, உடம்பில் ரோமம் இல்லாமல் மினுமினுத்து, பறக்கும்போது கால் தொங்கினால் குளவி. கூரை மூலையில் சாம்பல் நிறக் காகிதத்தில் செய்ததைப் போலச் சிறு அறைகள் கீழ்நோக்கித் திறந்திருந்தால் காகிதக் குளவி. மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டியது. அதில் ஓர் இனத்தின் சமூக வாழ்க்கையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். மண் உருண்டையாகக் கூடு இருந்தால் வேட்டுவன் குளவி. வீட்டில் அது கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று நம் பாட்டிகள் அதைக் கலைக்க விட மாட்டார்கள். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்ற பழைய நம்பிக்கைக்கும் இதுவே மூலம். குளவி கொட்டிச் செயலிழக்கவைத்துச் சிறைவைக்கும் புழுவோ சிலந்தியோ, உள்ளே இருக்கும் குளவிக்குஞ்சின் சாப்பாடு. அதைத் தின்று வளர்ந்து வெளியே வருவது குளவியின் சொந்தப் பிள்ளை. இந்தக் குளவிக்குக் கூட்டமும் கிடையாது, கூட்டைக் காக்கும் கோபமும் கிடையாது.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது கதண்டு. செய்தித்தாள்கள் விஷவண்டு என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். பனை, தென்னை உச்சியிலும், கூரை முகட்டிலும், பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் பானை அளவுக்குப் பழுப்பு வரிகளோடு மூடிய கூடு. ஒரே ஒரு துளை. பூச்சி விரல் பருமன். கரிய உடலில் வயிற்றின் முன்பக்கம் அகலமான மஞ்சள் பட்டை. தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே அறுந்து நிற்கும், தேனீ செத்துப்போகும். கதண்டின் கொடுக்கு அறுவதில்லை; ஒன்றே பலமுறை கொட்டும். இந்தக் கூட்டைக் கண்டால் யாரும் தாமாக எதையும் செய்யாமல் 101-ஐ அழைக்க வேண்டும்.

தொட்டி மூடியிலும், ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் கோடையில் வந்து குடிக்கும் தேனீக்களுக்கு உங்கள் வீட்டில் கூடு இல்லை. புழு அறையின் வெப்பம் 36 டிகிரியைத் தாண்டாமல் வைத்திருக்க, அடைமேல் நீர்த்துளிகளைப் பரப்பிச் சிறகால் விசிறுவதற்காக அவை தண்ணீர் சுமக்கின்றன. தொட்டியை மூடிவிட்டு, தள்ளி ஓர் அகன்ற தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்தால் அங்கே பழகிவிடும்.

கொட்டிவிட்டால்? ஒரு தேனீ கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ மணமுள்ள ஒரு வேதிப்பொருள் காற்றில் பரவும். மற்ற தேனீக்களுக்கு அதுவே தாக்குவதற்கான சேதி. கையை வீசி நின்ற இடத்தில் போராடாமல், முகத்தை மூடிக்கொண்டு கதவு சாத்தக்கூடிய இடத்துக்கு ஓட வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதித்தால் தலை தூக்கும் இடத்தில் அவை காத்திருக்கும். அறுந்து நிற்கும் கொடுக்கோடு சேர்ந்த நச்சுப்பை தொடர்ந்து விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தாலோ எதனாலோ, உடனே எடுப்பதுதான் முக்கியம். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஒரே கொட்டுதானே என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம், ஒரு நாள் கழித்தும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

மலைத்தேனீ விஷயத்தில் கடைசியாக ஒன்று. பூ முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அடையை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து போய்விடும். வெறும் அடை மட்டும் சன்ஷேடில் தொங்கும். ஆனால் அதே கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்பதை மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்திய ஆய்வுகள் 2000-இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. ஆகவே அடுத்த ஆண்டும் வேண்டாம் என்றால் வேலை செய்ய வேண்டியது கூடு காலியாக இருக்கும் மாதங்களில். பழைய அடையை இறக்கி, மெழுகுத் தழும்பைச் சுரண்டிக் கழுவி, சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து சுவர்வரை வலையை இறுக்கமாக அடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத உயரத் தொட்டியின் அடியில் என்றால், படிக்கட்டைப் பூட்டி ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு, வருகிறவற்றுக்கே அந்த இடத்தை விட்டுக்கொடுக்கலாம்.